வெயிலுகந்தாள் உட்கார்ந்த கிணறுகள்

கடலைத் தேடி மலையிலிருந்து இறங்கி வந்த ஆறு, கடைசியில் கடலின் சத்தம் காதில் விழும் தூரத்துக்கு வந்ததும் களைத்துப்போய் மணலில் படுத்துவிட்ட இடத்தில் ஆறடங்கல் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த மூன்றாம் நாள் காலையில், வெயிலுகந்தாள் புறவாசல் கிணற்றடியில் துவைகல்லின் ஓரமாக உட்கார்ந்து ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த அவளுடைய மாமியார் பிரம்மசக்தியின் கையிலிருந்த சோப்பு நுரைத்தது.

வேறு ஊராக இருந்தால் இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆறடங்கலில் சோப்பு நுரைத்துப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஊர்க் கிணறுகளின் தண்ணீரில் பருப்பு வேகாது, பால் திரிந்துபோகும், பித்தளைக் குடம் ஒரே மாதத்தில் களிம்பேறிப் பச்சையாகும், பெண்களின் கூந்தல் தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும். பிரம்மசக்தி முதலில் சோப்பைத்தான் சந்தேகப்பட்டாள்.

"ஏட்டி உகந்தா, இந்தச் சோப்பு உங்க ஊர்ல வாங்கினதா?"

"இல்லத்தே. நம்ம மூலைக்கடையில நேத்து நீங்க வாங்கினதுதான்."

பிரம்மசக்தி ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளிக்கப் போனவள், மனசு மாறி விழுங்கினாள். இன்னொரு கை அள்ளி விழுங்கினாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள்: "சொர்ணம், ஏ சொர்ணம்! எங்க கிணத்துல என்னமோ ஆயிப்போச்சுட்டி!"

மத்தியானத்துக்குள் விஷயம் தெளிவாகிவிட்டது. சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போன வெயிலுகந்தாள், சொர்ணம் மதினி வற்புறுத்தியதால் அவர்கள் கிணற்றுத் திட்டில் சற்று நேரம் உட்கார்ந்தாள்; அந்தக் கிணறும் இனித்தது. எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டு நின்றபடியே குடித்துவிட்டு வந்தாள். அங்கே எதுவும் நடக்கவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்தால் மூன்று நாள் தண்ணீர் இனிக்கும், நின்றால் இல்லை. இதைக் கண்டுபிடித்த பிறகு ஊர் ஒரு காப்பி குடிக்கும் நேரத்துக்குமேல் ஆச்சரியப்படவில்லை. ஒருத்தி கைபட்டால் மாவு பொங்கும், ஒருத்தி கட்டினால் பசு இரட்டைக் கன்று போடும், இவளுக்குத் தண்ணீர். கைராசி என்று ஒன்று இருக்கும்போது இருப்புராசி என்று ஒன்று இருக்கக் கூடாதா என்றார்கள்.

அவர்களுக்கு வேடிக்கையாக இருந்ததெல்லாம் அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதுதான். வெயிலுகந்தாள் பிறந்த மேலமடை, ஆற்றுக்குக் குறுக்கே அணை போட்ட இடத்தில் இருந்தது. அங்கே கோடையிலும் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடும். யாரும் அதை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

"உங்க ஊர்க்காரன் மறிச்ச தண்ணியெல்லாம் எங்க போச்சு எங்க போச்சுன்னு இருந்தோம்," என்றாள் சொர்ணம். "அம்புட்டையும் நீதான் குடிச்சிட்டு வந்திருக்க போலிருக்கே!"

கிணற்றடியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். வெயிலுகந்தாளும் சிரித்தாள். அவள் அதிகம் பேசாத பெண். பேச வேண்டிய இடத்தில் சிரித்து வைப்பாள், சிரித்த பிறகு சொல்லியிருக்க வேண்டிய பதிலை நினைத்துக்கொண்டே இருப்பாள்.

ஆறடங்கலுக்கு ஆற்றின் கதை மனப்பாடம். முன்பு ஆறு ஊருக்குள்ளேயே வந்து வயல்களின் வரப்பைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போனது என்பார்கள். பிறகு வெள்ளைக்காரன் மேலே ஓர் அணை கட்டினான், அவனுக்குப் பிறகு வந்தவர்கள் அதற்கு மேலே இன்னோர் அணை கட்டினார்கள், அதற்கும் மேலே மலையடிவாரத்தில் பெரிய தேக்கம் வந்தது, நடுவில் ஆற்றுக்குள் கிணறு தோண்டி நகரங்களுக்குக் குழாய் போனது, ஆலைகளுக்குக் குழாய் போனது, குழாய்கள் போன பிறகு மணல் லாரிகள் வந்து ஆற்றை ஆள் உயரத்துக்குக் கீழே இறக்கின, அங்கே ஒவ்வொரு கல் ஏறும்போதும் இங்கே பூமிக்குக் கீழே கடல் ஓரடி உள்ளே வந்தது. கடல் மேலே பார்த்தால் மரியாதைக்காரன், கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பிவிடுவான். கீழேதான் கள்ளன், கதவைத் தட்டாமல் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டான்.

மூன்று நாள் கழிந்து முதல் கிணறு மறுபடி உப்பேறிய காலையில் நீர்பாய்ச்சி அணைஞ்சபெருமாள் வந்தார். வாய்க்காலில் தண்ணீர் வரும்போது வயல்வாரியாக மடை திறந்து, நேரம் முடிந்ததும் மண் வெட்டிப் போட்டு அடைப்பது அவர் வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதே வேலை. வாய்க்கால் காய்ந்து வருஷக்கணக்காகியும் யாரும் அவரை நீர்பாய்ச்சி என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை, அவரும் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அன்றைக்கு முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"முறை வைக்கணும்," என்றார் பிரம்மசக்தியிடம். "இல்லேன்னா வெட்டுக்குத்து ஆயிரும்."

"எம் மருமவ என்ன வாய்க்காலா?" என்றாள் பிரம்மசக்தி. ஆனால் சொல்லும்போதே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முறை எப்படி என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தண்ணீர் மேற்கிலிருந்து வரும். ஆகவே மேலத்தெரு தலைமடை. அதற்குப் பிறகு நடுத்தெரு, கீழத்தெரு. எல்லாம் முடிந்த பிறகு, ஒன்றரை மைல் தள்ளி உப்பளத்தின் ஓரத்தில் இருக்கும் அளத்துக்குடி. அதுதான் கடைமடை. இருபத்தாறு கிணறு, கிணற்றுக்கு அரைமணி. அணைஞ்சபெருமாள் கைப்பேசியில் சேவல் கூவும் சத்தத்தை வைத்துக்கொண்டு, அது கூவியதும் "எந்திரி தாயி, அடுத்த மடை" என்பார். தண்ணீர்தான் பள்ளம் பார்த்துப் போகும், இந்தப் பெண்ணுக்குக் கால் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று ஆறடங்கலில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டன் காலத்திலிருந்து கடைமடைக்காரர்களாக வாய்வலிக்க மேலமடையைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள், முறை என்று ஒன்று கைக்கு வந்ததும் மேலமடைக்காரர்களைப் போலவே அதை வைத்தார்கள்.

அப்படித்தான் தொடங்கியது. வெயிலுகந்தாள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வெயிலுக்கு ஒரு குடை வந்தது. ஆறடங்கலில் பருப்பு வெந்தது, இட்லி மல்லிகைப் பூவாக மலர்ந்தது, பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டுத் தெருவில் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். பிறகு, எல்லா முறைகளுக்கும் நடப்பதுதான் இதற்கும் நடந்தது. சேவல் கூவுகிற நேரத்துக்குச் சரியாகச் சொர்ணம் சூடாக முறுக்கு எடுத்து வருவாள். இன்னொரு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியையே கிணற்றடிக்குத் தூக்கி வந்து, படம் முடியாமல் எப்படி எழுந்து போவாய் என்பார்கள். தன் ஓரகத்தியின் தங்கை யாரோடு ஓடிப்போனாள் என்ற கதையை ஒருத்தி நாலு முறைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் பேருந்து நிலையத்தில் நிற்கும் இடத்தில் நேரம் முடிந்துவிடும். "இரு தாயி, யாருன்னு சொல்லிருதேன்" என்று இன்னும் பத்து நிமிஷம். மேலத்தெருவில் அரைமணி ஒரு மணியானது, ஒரு மணி ஒன்றரையானது.

அவள் புருஷன் தளவாய் உப்பு லாரி ஓட்டுகிறவன். ஒரு நாள் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அணைஞ்சபெருமாளிடம் கேட்டான்: "மாமா, எம் பொண்டாட்டிகிட்ட எனக்கு எப்ப முறை?"

"ஒனக்கென்னலே அவசரம்? நீ என்ன நெல்லா, வாடிப்போவ?"

தெருவே சிரித்தது. தளவாயும் சிரித்துவிட்டுத்தான் போனான். வண்டியை எடுக்கும்போது மட்டும் கண்ணாடியில் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

உட்கார்ந்திருப்பது கஷ்டமான வேலை என்று யாருக்கும் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்த சற்று நேரத்தில் வெயிலுகந்தாளின் குதிகாலில் குளிர் ஏறும். பிறகு கண் திறந்தபடியே கனவு வரும். மேலத்தெருக் கிணற்றடியில், பழைய வெள்ளம் ஒன்று தெருவழியே போவது தெரியும். வைக்கோல் போர்கள் மிதந்து போகும், ஒரு போரின் மேல் சேவலும் பூனையும் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கும். நடுத்தெருவில், அணைக்கு வெட்டிய கற்கள் ஒன்றின்பின் ஒன்றாக, மாடுகள் இல்லாத வண்டிகளில் ஏறி மேற்கே போகும். கீழத்தெருவின் ஏதோ ஒரு கிணற்றில் நெல் ஏற்றிய தோணிகள் வரும், தோணிக்காரர்கள் அவளைப் பார்த்து ஏதோ கேட்பார்கள், அவளுக்குக் காது கேட்காது. கீழத்தெருவின் கடைசிக் கிணற்றில் மட்டும் எந்தக் கனவும் வராது. அங்கே உட்கார்ந்தால் கிழக்கேயிருந்து யாரோ மண்ணுக்கடியில் மூச்சு விடுவதுபோல இருக்கும். உள்ளங்காலில் உப்பு கரிக்கும். அங்கிருந்து எழுந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இந்தச் சமயத்தில் குடிநீர் வாரிய அலுவலகத்திலிருந்து ஒருவர் உப்பை அளக்கும் கருவியோடு வந்தார். மூன்று தெருவிலும் கிணறு கிணறாக நூல் கட்டி விட்டுப் பார்த்தார், கருவியைத் தட்டினார், திரும்பவும் விட்டுப் பார்த்தார். கடைசியில் ஆறடங்கல் ஊராட்சியில் நிலத்தடி நீர் நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரத்திலிருந்து அளத்துக்குடிக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றது.

இதை வெயிலுகந்தாளுக்குச் சொன்னவள் செவத்தியம்மாள். அளத்துக்குடியில் உப்பு வாருகிறவள். லாரி நின்ற பிறகு, காலையில் வேலை முடிந்ததும் ஒன்றரை மைல் நடந்து, நடுத்தெருக்காரர்கள் பிடித்து முடிக்கிறவரை காத்திருந்து, இரண்டு குடம் கொண்டுபோவாள். அன்றைக்கு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"நல்லா இருப்ப பிள்ள," என்றாள். "நீ வந்த பொறவு எங்களுக்கு இருந்த லாரியும் போச்சு."

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் வெயிலுகந்தாள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தது நீட்டியிருந்த பாதங்களை. அளத்துத் தண்ணீரில் மணிக்கணக்காக நிற்கிற கால், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் வெடிக்கும். வெடித்த இடத்தில் மறுநாள் உப்புத்தண்ணீர் ஏறும். செவத்தியம்மாளின் இரண்டு பாதங்களும் காய்ந்த குளம் மாதிரிப் பிளந்திருந்தன. பிளவுகளின் உள்ளே சிவப்பாக இருந்தது.

"கழுவலியாக்கா?"

"ரெண்டு குடத்துல குடிக்கவா, கழுவவா? எங்க கிணத்துத் தண்ணிய ஊத்துனா அது கடலவிட மோசம், உயிர் போவுது." செவத்தியம்மாள் சேலையை இறக்கிக் காலை மூடிக்கொண்டாள். "எங்க முறை வரும்னாவ. மூணு தடவ தள்ளிட்டாவ. மொதல்ல மேலத்தெருவுல காதுகுத்து, அப்புறம் ஒரு கல்யாணம், அப்புறம் கோயில் கொடை. ஊர்னா விசேஷம் இருக்கத்தான செய்யும். நாங்க வேற காதே குத்துறதில்ல போல."

அன்றிரவு வெயிலுகந்தாள் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை நினைத்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. மறுநாள் காலை அணைஞ்சபெருமாள் வந்ததும் கேட்டாள்.

"மாமா, அளத்துக்குடிக்கு எப்போ?"

"வரும் தாயி. தண்ணி வரும்போது வரும்."

"தண்ணி வரல மாமா. நாந்தான வாறேன்."

அவர் மண்வெட்டியை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார். "நீ வேற, தண்ணி வேறயா?" என்றார், மெதுவாக, அதுவரை தனக்கே வந்திராத ஒரு சந்தேகத்தைக் கேட்கிறவர்போல. அதற்குள் சொர்ணம் வந்துவிட்டாள். "ஆமா, கடைசியில போயி உக்காந்தா தண்ணி கடலுக்குல்ல போவும்? தலைமடை காஞ்சா ஊரு காஞ்ச மாதிரி. இந்தா தாயி, அதிரசம் சூடா இருக்கு."

சித்திரை பிறந்தது. மேலத்தெருவில் மட்டும் முறை இப்போது ஐந்து நாள் ஓடியது. கீழத்தெருக் கிணறுகள் பாதி முறையிலேயே உப்பேறின. கீழத்தெருக்காரர்கள் கத்தினார்கள், அவர்களுக்கு அடுத்த முறையில் கூடுதல் நேரம் என்று முடிவானது, அந்த நேரம் அளத்துக்குடியின் பங்கிலிருந்து எடுக்கப்பட்டது. வெயிலுகந்தாளுக்கு மேலத்தெருவில் வருகிற கனவும் மங்கியது. வெள்ளம் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. வைக்கோல் போர் தரைதட்டி நின்றது. சேவலைக் காணோம், பூனை மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, சொர்ணம் வீட்டுக் கிணற்றடியில், ஓடிப்போனவளின் கதை மறுபடியும் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது கைப்பேசியில் சேவல் கூவியது. வெயிலுகந்தாள் எழுந்தாள். அடுத்தது பக்கத்து வீடு. அவள் பக்கத்து வீட்டைத் தாண்டி நடந்தாள். மேலத்தெரு முடிந்தது. நடுத்தெருவில் நாற்காலியைத் துடைத்துக்கொண்டு நின்றவர்கள், இவள் ஏதோ மறந்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். கீழத்தெருவும் முடிந்தது. காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி ஏறினாள். அதற்கப்பால் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், கண் கூசுகிற வெயில், நடுவே ஒற்றை மண் சாலை.

பின்னாலிருந்து ஒரு லாரி வந்து நின்றது.

"எங்கட்டி போற?" தளவாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"கடைசிக்கு."

"முறை?"

"யாரு முறை?"

தளவாய் எட்டி, அந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். "ஏறு. செருப்பக்கூடப் போடாம வந்திருக்க."

அளத்துக்குடியில் ஒரே ஒரு கிணறு. அதைச் சுற்றிப் பத்திருபது ஓலைக்கூரை, ஒரு குட்டி மாதா கோயில், ஓர் உடைமரம். வேலை முடிந்து வந்திருந்த பெண்கள் லாரிச் சத்தம் கேட்டுக் குடத்தோடு ஓடி வந்து, உப்பு லாரி என்று தெரிந்ததும் நின்றார்கள். பிறகு உள்ளேயிருந்து இறங்கியவளைப் பார்த்தார்கள். வெயிலுகந்தாள் நேரே கிணற்றை நோக்கிப் போனாள். கைப்பிடிச் சுவரோரம் உட்காரப் போகும்போது செவத்தியம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"அதெல்லாம் அப்புறம் உக்காரலாம். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எப்ப சாப்பிட்ட?"

"அதிரசம் சாப்பிட்டேன்."

"அதிரசம் சோறாட்டி?"

கஞ்சி வந்தது. சுட்ட கருவாடு வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் தரையில் சம்மணம் போட்டு, நேரம் பார்க்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் கண் சொருகியது. யாரோ உடைமரத்து நிழலில், கிணற்றை ஒட்டி, உப்புச் சாக்கு இரண்டை விரித்தார்கள். வெயிலுகந்தாள் சாய்ந்தாள். சாய்ந்தவள் தூங்கிப்போனாள்.

ஊர் வந்து சேர்ந்தபோது அவள் நல்ல தூக்கத்தில் இருந்தாள். மேலத்தெரு முன்னாலும் நடுத்தெரு அடுத்தும் கீழத்தெரு கடைசியிலுமாக, வரும்போதும் முறை தவறாமல், குடங்களோடும் அந்த நாற்காலியோடும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் அணைஞ்சபெருமாள்.

"முறை மாறி வந்து உக்காந்துட்டா," என்றாள் சொர்ணம் மூச்சு வாங்க.

"உக்காரலியே," என்றாள் செவத்தியம்மாள். "படுத்திருக்கா. படுக்கிறதுக்கு ஒங்க முறையில ஒண்ணும் சொல்லலியே?"

மேலத்தெருக்காரர் ஒருவர் வாளியை விட்டு இறைத்துக் குடித்துப் பார்த்துத் துப்பினார். "பாத்தியளா? படுத்தா பலிக்காது. எழுப்பிக் கூட்டிட்டு வாங்க." பிரம்மசக்தி மருமகளின் பக்கத்தில் குனிந்தாள். எழுப்பத்தான் குனிந்தாள். தூங்குகிற முகத்தைப் பார்த்ததும், கல்யாணத்துக்கு மறுநாளுக்குப் பிறகு அந்த முகத்தைத் தான் பார்க்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. முந்தானையால் ஈயை ஓட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் போவட்டும்," என்றாள்.

கொஞ்ச நேரம் போனது. இறைத்துப் பார்த்தார்கள், உப்பு. நிழல் ஒரு முழம் நகர்ந்தது. இறைத்துப் பார்த்தார்கள், உப்பு. அளத்துக்குடிப் பெண்கள் நகர்ந்த நிழலோடு சாக்கையும் அவளையும் மெல்ல இழுத்துவிட்டார்கள். தூக்கத்தில் வெயிலுகந்தாள் ஒரு காலை நீட்டினாள். அவள் குதிகால் மணலுக்குள் புதைந்தது. கிழக்கே கடலின் இரைச்சல், யாரோ பேச்சை நடுவில் நிறுத்தியதுபோல, ஒரு கணம் நின்றது. பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து கேட்டது.

செவத்தியம்மாள் ஒரு வாளி இறைத்தாள். குடித்துப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அதைத் தன் காலில் ஊற்றினாள். எரிச்சலுக்காகக் காத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். காத்திருந்தாள். கண்ணைத் திறந்து தன் பாதங்களைப் பார்த்தாள். வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது, எரிச்சல் இல்லை.

அணைஞ்சபெருமாள் அந்த வாளியின் அடியில் மிச்சமிருந்ததை வாயில் விட்டுக்கொண்டார். மேலத்தெருக் கிணறுகளில் இல்லாத இனிப்பு அது. மலைத் தண்ணீர். அவர் அப்பா மடை திறந்த நாளில் வாய்க்காலில் வாய் வைத்துக் குடித்த தண்ணீர். அவர் விழுங்கி முடிப்பதற்குள் கூட்டம் முன்னால் நெருங்கிவிட்டது. எழுப்புங்க, பலிச்சிட்டுல்லா, மேலத்தெருவுல பாதி கிடக்கு, நாற்காலியக் கொண்டாங்க என்று ஒரே சத்தம். அவர் திரும்பி நின்றார்.

"சத்தம் போடாதீங்க. தூங்குதா."

"அப்ப எங்க முறை?" என்றாள் சொர்ணம்.

"அவளா எந்திரிக்கட்டும்."

"எந்திரிச்சு அவ ஊருக்கே போயிட்டான்னா?"

அணைஞ்சபெருமாள் யோசித்தார். "போவட்டும். ஆறு நம்மகிட்ட கேட்டுக்கிட்டா வந்துச்சு?" என்றார்.

அளத்துக்குடிப் பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்று ஒருத்தி காலில் ஒருத்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், சிந்திய தண்ணீர் மணலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. கீழத்தெருக்காரி ஒருத்தி தன் குடத்தை அவர்களுக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பின்னால் நடுத்தெருக்காரர்கள் வைத்தார்கள். சொர்ணம் இடுப்பிலிருந்த குடத்தை இறக்காமல் நெடுநேரம் நின்றாள். பிறகு வரிசையின் கடைசிக்கு நடந்து போய், வெயிலில், குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உடைமரத்தடியில் வெயிலுகந்தாள் புரண்டு படுத்தாள். ஊர் மூச்சைப் பிடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.